ஈரம் வேறு, ஓதம் வேறு

கார்த்திகை அடைமழையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டியிருக்கும். பள்ளிக்கூடச் சட்டை இரண்டு நாளாக அதில் தொங்கும். காலையில் அத்தை அதை உருவி, காலரையும் அக்குள் தையலையும் கன்னத்தில் ஒரு கணம் ஒற்றிப் பார்ப்பார். "ஈரம் இல்லடா, சில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான். போட்டுக்கோ" என்பார். "இல்லத்தே, ஈரமாத்தான் இருக்கு" என்று நான் அடம்பிடிப்பேன். யார் சொன்னது சரி என்பது தெருமுனையைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். வெறும் சில்லிப்பு என்றால் உடம்புச் சூட்டில் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். ஈரம் என்றால் முதல் மணி அடிக்கும்வரை முதுகோடு ஒட்டிக்கொண்டே வரும்.

அந்தச் சண்டையில் எங்கள் இருவர் மீதும் தப்பில்லை என்று பிறகு தெரிந்தது. மனிதத் தோலில் சூட்டுக்கு உணர்வி உண்டு, குளிருக்கு உண்டு, தொடுகைக்கும் அழுத்தத்துக்கும் வலிக்கும் உண்டு. ஈரத்துக்கு மட்டும் கிடையாது. குளிர்ச்சியும், துணி தோலில் ஒட்டி இழுபடும் விதமும் சேர்ந்து வந்தால் மூளை அதை 'ஈரம்' என்று ஊகித்துக்கொள்கிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் டாவிடே ஃபிலிஞ்சேரி குழுவினர் 2014ஐ ஒட்டி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகக் காய்ந்த, ஆனால் குளிர்ந்த பொருளைத் தோலில் வைத்தால் ஆட்கள் ஈரம் என்றார்கள். நனைந்த பொருளையே தோலைவிடச் சற்றுச் சூடாக வைத்தபோது ஈரம் சரியாகத் தெரியவில்லை. அத்தை விரலை நம்பாமல் கன்னத்தை நம்பியதற்கும் காரணம் உண்டு. பாத்திரம் தேய்த்து மரத்துப்போன விரலைவிட முகத்துத் தோல் சிறு குளிர்ச்சியையும் பிடித்துவிடும். கரப்பான் பூச்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றின் ஈரத்தை அறியவே அதன் உணர்கொம்பில் தனிச் செல்கள் இருக்கின்றன.

உணர்வி இல்லாத நாம் சொற்களை வைத்து அந்தக் குறையைச் சரிக்கட்டியிருக்கிறோம் போலும். நனைந்த துணி, ஈரத் துணி, ஓதம் காத்த சுவர், நமத்த அப்பளம், கசிந்த உப்பு, வியர்த்த சொம்பு, புழுங்கும் அறை, பதமான மண். எல்லாவற்றிலும் இருப்பது அதே தண்ணீர்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் காது ஒப்புவதில்லை. அப்பளம் ஓதம் காத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. சுவர் நமத்துப் போச்சு என்பதும் இல்லை. மழையில் நடந்து வந்தவர் நனைந்திருக்கிறார், அவர் புழுங்கவில்லை.

செய்தி அறிக்கைகளில் மட்டும் இத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல்தான் ஓடுகிறது: ஈரப்பதம். "சென்னையில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம்" என்று ஒரு செய்தி. அடுத்த செய்தியிலேயே, "நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மறுப்பு." சொல் ஒன்று, சதவீதமும் ஒன்று, ஆனால் இரண்டும் வெவ்வேறு கணக்கு. நெல்லில் 17 என்றால் 100 கிலோ நெல்லில் 17 கிலோ தண்ணீர். காற்றில் 85 என்றால் நூறு பங்கு காற்றில் எண்பத்தைந்து பங்கு தண்ணீர் என்றா பொருள்? அப்படியானால் தெருவில் நீந்தித்தான் போகவேண்டும். அந்த வெப்பநிலையில் நீராவி அதிகபட்சம் எவ்வளவு நிற்க முடியுமோ அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதைத்தான் அந்த 85 சொல்கிறது. பள்ளிப் பாடநூலில் இதை 'ஒப்பு ஈரப்பதம்' என்று படித்திருப்போம். அந்த 'ஒப்பு' என்ற சொல்லைச் செய்தியில் விட்டுவிடுகிறார்கள். உயிரே அதில்தான் இருக்கிறது.

ஊட்டியில் ஒரு குளிர்காலக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 10 டிகிரி, எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி, ஈரப்பதம் 100 சதவீதம். சென்னையில் ஒரு மே மாதப் பிற்பகல், 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். எங்கே காற்றில் நீராவி அதிகம்? 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடத்தில் நீராவி அதிகபட்சம் 9.4 கிராம்தான் நிற்கும். 35 டிகிரியில் ஏறக்குறைய 40 கிராம் நிற்கும். அதில் 60 சதவீதம் என்றால் 24 கிராம். நூறு மதிப்பெண் வாங்கிய ஊட்டிக் காற்றைப்போல இரண்டரை மடங்கு தண்ணீரை அறுபது வாங்கிய சென்னைக் காற்று சுமந்துகொண்டிருக்கிறது. பத்தே படி கொள்ளும் பானை நிறைந்து வழிவதையும், நாற்பது படி அண்டா பாதிக்குச் சற்று மேல் நிற்பதையும் ஒப்பிடுகிற மாதிரி.

இந்த ஒப்பு அளவை முதலில் நம்பகமாக அளக்க வழி கண்டவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் த சோசூர். 1783இல் அவர் தன் கருவியை விளக்கி நூல் வெளியிட்டார். கருவியின் உயிர்நாடி ஒரு தலைமுடி. எண்ணெய்ப் பசை போகக் கழுவிய மனித முடி, முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போகும்போது நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேல் நீள்கிறது. அந்த நீட்சி ஒரு முள்ளை நகர்த்தும். மழைக்காலத்தில் சுருள்முடிக்காரர்கள் கண்ணாடி முன் படும் பாட்டுக்குப் பின்னால் இருப்பதும் இதே இயல்புதான்.

காற்றைக் குளிர்விக்கக் குளிர்விக்க அதன் பானை சுருங்குகிறது. உள்ளே இருக்கும் நீராவி மாறாவிட்டாலும் ஒரு கட்டத்தில் பானை நிறைந்துவிடும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மேலே சொன்ன சென்னைப் பிற்பகலுக்கு அது ஏறக்குறைய 26 டிகிரி. அதனால்தான் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றிய சொம்பு மேலே முத்து முத்தாக வியர்க்கிறது. சொம்பு ஒழுகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல 'வியர்த்திருக்கு' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம்.

பனி என்ற சொல்லில் நாம் கொஞ்சம் தாராளம். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, மார்கழி மூட்டமும் பனி, ஊட்டியில் வெள்ளையாக உறைவதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. போதாக்குறைக்குப் பனி 'பெய்கிறது', 'விழுகிறது' என்கிறோம். உறைந்து கொட்டுவது விழுகிறது, சரி. புல்மேல் நிற்கும் துளி எங்கிருந்தும் விழவில்லை. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் இதை ஒரு சிறு நூலாக எழுதி நிறுவினார். அவருடைய சோதனைக்குச் சாமான் ஒன்றும் பெரிதில்லை. சம எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை இரவில் தோட்டத்தில் வைத்துக் காலையில் நிறுத்துப் பார்ப்பார். முட்டுக்கொடுத்து நிறுத்திய பலகையின் மேல் கிடந்த பஞ்சு நிறையப் பனி குடித்திருந்தது. பலகைக்கு அடியில் கட்டிய பஞ்சு கொஞ்சமே குடித்திருந்தது. காற்று இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபாடு, ஒன்றுக்கு வானம் தெரிந்தது, இன்னொன்றுக்குத் தெரியவில்லை. தெளிந்த வானத்தைப் பார்த்திருக்கும் பொருள் தன் வெப்பத்தை மேல்நோக்கி இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. பனிநிலைக்குக் கீழே போனதும் பக்கத்துக் காற்றின் நீராவி அதன்மேல் நீராகப் படிகிறது. மார்கழியில் வெட்டவெளியில் விட்ட வண்டியின் சீட் நனைந்து கிடக்க, வேப்பமரத்தடியில் விட்டது காய்ந்து இருப்பதைப் பார்த்தவர்களுக்கு வெல்ஸின் சோதனை புதிதில்லை.

பழைய ஆறு பருவங்களில் முன்பனி என்றும் பின்பனி என்றும் இரண்டைப் பிரித்து வைத்திருப்பதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம், மார்கழி–தையில் பனி முன்னிரவிலேயே இறங்கும், மாசி–பங்குனியில் விடியலை ஒட்டித்தான் இறங்கும் என்பது. இயற்பியலுக்கும் இது பொருந்தி வருகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மண்ணிலும் காற்றிலும் நீர் நிறைய இருக்கும். பொழுது சாய்ந்து கொஞ்சம் குளிர்ந்தாலே பனிநிலை வந்துவிடும். மாசிக்குள் உள்நாடு காய்ந்துவிடுகிறது. பனிநிலை கீழே இறங்கிவிட, இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகே அதைத் தொட முடிகிறது.

புழுக்கத்துக்கு வருவோம். புழுங்கலரிசியும் புழுக்கமும் ஒரே வேரில் பிறந்தவை. ஊறிய நெல்லை ஆவியில் வேகவைப்பது புழுக்குதல். நீராவி நிறைந்த சூட்டில் மனிதன் வேகுவதும் அதேதான். இதைவிடத் துல்லியமாக ஒரு சொல்லைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஏறக்குறைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். வெளியே 35 டிகிரி என்றால் தோலிலிருந்து காற்றுக்குத் தானாக வெப்பம் போகாது. மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஆறரை மணி நேர வெப்பத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். முதுகில் வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் உடம்பு குளிர்வதில்லை. காற்றின் பானை ஏற்கெனவே நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 35 டிகிரியைத் தாண்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவரும் சில மணி நேரத்துக்குமேல் தாங்கமாட்டார் என்று ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹூபர் இருவரும் 2010இல் கணக்கிட்டார்கள். அண்மையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, ஈரக் காற்றில் எல்லை 31 டிகிரியை ஒட்டியே வந்துவிட்டது. கடற்காற்று வந்ததும் சென்னையில் வெப்பமானி இறங்கும், ஆனால் சில நாள் புழுக்கம் இறங்காது. வெப்பத்தைக் குறைத்த அதே காற்று நீராவியையும் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்த சொல் நமத்துப்போதல். நமுத்துப் போச்சு என்பாரும் உண்டு, சில ஊர்களில் சவுத்துப் போச்சு என்பார்கள். பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு போன் பேசி முடித்து வந்தால் ஆகியிருக்குமே, அது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதன்மேல் படவில்லை. கையில் எடுத்தால் ஈரம் தெரியாது. கடித்தால் மட்டும் தெரியும். தண்ணீரில் விழுந்த அப்பளத்தை நமத்துப் போச்சு என்று சொல்லமாட்டோம், ஊறிப்போச்சு என்போம். காற்றிலிருந்து, கண்ணுக்குத் தெரியாமல், பொருளின் உள்ளே புகுந்து, அதன் குணத்தைக் கெடுத்தால்தான் நமத்தல். அப்பளம், முறுக்கு, பிஸ்கட், தீக்குச்சி, பட்டாசு இவைதான் நமக்கும். நமத்தலுக்கு இரண்டு நிபந்தனை: பொருள் முன்பு மொறுமொறுப்பாகவோ வெடிப்பாகவோ இருந்திருக்க வேண்டும், தண்ணீர் ஆவியாக வந்திருக்க வேண்டும். அகராதி இதைச் சொல்லாது. தீபாவளிக்கு முந்தின வாரம் பட்டாசை முறத்தில் பரப்பி வெயிலில் வைக்கும் பையனைக் கேட்டால் சொல்வான். தீப்பெட்டியும் பட்டாசும் மழை குறைந்த சிவகாசியில் வேரூன்றியதற்கு அந்த வறண்ட காற்றும் ஒரு காரணம்.

அப்பளத்துக்குள் என்ன நடக்கிறது? எண்ணெயில் பொரியும்போது தண்ணீர் பெரும்பாலும் ஓடிவிடும். மிஞ்சிய மாவுப்பொருளின் நீண்ட மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல், அசைய வழியில்லாமல் அப்படியே உறைந்து நிற்கும். இதைக் கண்ணாடி நிலை என்கிறார்கள். கண்ணாடியைப் போலவே வளையாது, உடையும். காற்றிலிருந்து வரும் நீர் மூலக்கூறுகள் இந்தச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து ஒன்றையொன்று நழுவ விடுகின்றன, கீலுக்கு எண்ணெய் விட்டது போல. எடையில் நூற்றுக்குச் சில பங்கு தண்ணீர் கூடினாலே போதும், கண்ணாடி ரப்பராகிவிடும். அப்போது அது உடையாமல் வளையும், 'நொறுக்' என்ற சத்தம் போய்விடும். சத்தம் சின்ன விஷயமில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மசிமிலியானோ சாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் 2004இல் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கும் சத்தத்தை மட்டும் காதுக்கருவி வழியாகக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தார்கள். சத்தம் கூடினால் அதே சிப்ஸ் புதிதாகத் தெரிந்தது, குறைத்தால் பழசாகத் தெரிந்தது. அந்த ஆய்வுக்குச் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. நமத்த அப்பளத்தை அடுப்பில் வாட்டினால் மறுபடி மொறுமொறுப்பாவதும் இதனால்தான். புகுந்த தண்ணீரைத் துரத்திவிட்டால் சங்கிலி மறுபடி இறுகிவிடும்.

உப்பு நமக்காது. உப்பு கசியும். சொல் மாறுவதற்குப் பொருள் மாறுவதுதான் காரணம். உப்புப் படிகம் தண்ணீரை உள்ளே விடாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் படிகத்தின் மேற்பரப்பில் நீர் படிந்து உப்பு அதில் கரையத் தொடங்கும். 74இல் காய்ந்த மணல்போல இருப்பது 76இல் கலங்கிய நீராகும். சமையலறை உப்பு அதற்கு முன்பே கசிவது ஏனென்றால் அதில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அதன் எல்லை வெறும் 33 சதவீதம். உப்பளத்தில் உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருப்பது இதுதான். கல்லுப்பை அம்பாரமாகக் குவித்து வடியவிட்டால் இந்தக் கசப்பு நீர் ஓரளவு இறங்கிவிடும். பாட்டிமார் வைத்திருந்த உப்பு மரவை கசிவை உறிஞ்சிக்கொண்டது. இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் நாலு அரிசியைப் போட்டு வைக்கிறோம்.

இப்போது அந்த நெல்லுக்குத் திரும்பவேண்டும். டெல்டாவில் கொள்முதல் நிலையத்து வாசலில் சாலையோரம் நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டிருக்கும் விவசாயியைப் பார்த்திருப்பீர்கள். அவர் இரண்டு நெல்லை எடுத்து முன்பல்லில் கடித்துப் பார்ப்பார். 'கடுக்'கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். அப்பளத்துக்கு நாம் பார்க்கும் சோதனையேதான் இது. உள்ளே மேசையில் இருக்கும் கருவி பல்லை நம்பாது. நெல்லின் மின் இயல்பு தண்ணீருக்கு ஏற்ப மாறுவதை வைத்து எண்ணாகச் சொல்லிவிடும். 17க்கு மேல் என்றால் திருப்பி அனுப்பு. ஐப்பசி மழையில் அறுவடையாகும் குறுவைக்கு இந்த 17 பெரிய சுவர். 22 வரை எடுங்கள் என்ற கோரிக்கை அநேகமாக ஆண்டுதோறும் எழுகிறது. கணக்கிலும் ஒரு சிறு பொறி இருக்கிறது. 20 சதவீத நெல்லை 17க்குக் கொண்டுவர 100 கிலோவில் 3 கிலோ தண்ணீர் போனால் போதும் என்று தோன்றும். 3.6 கிலோ போகவேண்டும். காயக் காய மொத்த எடையும் குறைவதால் சதவீதத்தின் அடித்தளமே நகர்ந்துகொண்டிருக்கும்.

17ஐத் தாண்டினால் என்ன ஆகிவிடும்? மூட்டை போட்டு அடுக்கிய ஈர நெல் மூச்சு விடும், அதன்மேல் பூஞ்சணம் பிடிக்கும், இரண்டும் வெப்பத்தை வெளியிடும். நாலு நாள் கழித்துக் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். பல மாதம் கிடங்கில் வைக்க வேண்டுமானால் 14க்குக் கீழேயே இறக்கவேண்டும். இப்போது அடுக்களை அலமாரியில் இருக்கும் தேன் பாட்டிலை எடுங்கள். அதில் தண்ணீர் எத்தனை சதவீதம்? 17, 18, சில தேனில் 20 வரை. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் தேனும் திருப்பி அனுப்பப்படும்! ஆனால் தேன் ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை, அதே அளவு தண்ணீர் உள்ள நெல் அழுகுகிறது.

இந்தப் புதிரைத் தீர்க்க உதவியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட். உணவை நஞ்சாக்கும் ஒருவகைப் பாக்டீரியாவை வெவ்வேறு உணவுகளில் வளர்த்து அவர் 1953இல் எழுதியது இதுதான்: உணவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது நுண்ணுயிருக்குப் பொருட்டில்லை, எவ்வளவு தண்ணீர் கட்டுக்குள் இல்லாமல் இருக்கிறது என்பதே பொருட்டு. தேனில் உள்ள தண்ணீரைச் சர்க்கரை இறுக்கிப் பிடித்துவைத்திருக்கிறது. பூஞ்சணம் வந்து உறிஞ்சப் பார்த்தால் தேன் கொடுக்காது. வந்தவனிடமிருந்தே தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும். இந்தப் பிடியை அளக்கும் எண்ணுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூய தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளராது, பெரும்பாலான பூஞ்சணங்கள் 0.80க்குக் கீழே வளராது, 0.60க்குக் கீழே எதுவுமே வளராது. தேன் அந்த 0.60ஐ ஒட்டி நிற்கிறது. ஊறுகாயில் உப்பு செய்வதும் பெரும்பங்கு இதே வேலைதான். ஜாடி நிறையச் சாறு நிற்கும், ஆனால் நுண்ணுயிருக்குக் குடிக்கக் கிடைக்காது.

அத்தையின் அகராதி எதை வைத்துப் பிரிக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது இந்த இடத்தில்தான். ஈரம், நமத்தல், கசிதல், ஊறல், பதம் என்ற வரிசையில் எதுவுமே 'எவ்வளவு தண்ணீர்' என்று சொல்லவில்லை. தண்ணீர் எந்த வழியாக வந்தது, இப்போது எதன் பிடியில் இருக்கிறது, விட்டால் வருமா வராதா என்பதைச் சொல்கின்றன. நனைந்த துணியைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஈரத் துணியைப் பிழிந்தால் வராது, காய வைத்தால் போகும். காய்ந்த பருத்தித் துணியிலும் தண்ணீர் இருக்கிறது. 65 சதவீத ஈரப்பதக் காற்றில் ஒரு கிலோ உலர்ந்த பருத்தி 85 கிராம் நீரைத் தன் இழைக்குள் வைத்திருக்கும் என்பதைப் பஞ்சு வணிகம் ஒரு தரமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாலியெஸ்டர் 4 கிராம்தான் வைத்திருக்கும். கோவை நூற்பாலைகளில் காற்றுக்கு வேண்டுமென்றே ஈரம் ஏற்றுகிறார்கள். காய்ந்த பஞ்சு பொடிந்து பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

மண்ணிலும் இதே கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணற்பாங்கான நிலத்தில் நூற்றுக்கு 20 பங்கு தண்ணீர் என்றால் சதசதவென்று இருக்கும். கரிசலில் அதே 20 என்றால் செடி வாடி நிற்கும். களிமண்ணின் நுண்துகள்கள் கடைசித் தண்ணீரைப் பிடித்திருக்கும் பிடியை வேரால் மீற முடிவதில்லை. அந்த வாடல் எல்லைக்கு 1912இலேயே அமெரிக்காவின் லைமன் பிரிக்ஸ், ஹோமர் ஷாண்ட்ஸ் இருவரும் ஓர் அளவு வகுத்தார்கள். உழவர் எண் பார்ப்பதில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து இடுப்பளவு உயரத்திலிருந்து விடுவார். அப்பிக்கொண்டு விழுந்தால் ஏர் இறங்காது. பிடிக்கவே வராமல் தூளானால் காய்ந்துவிட்டது. விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் பதம். மழையைக்கூட மில்லிமீட்டரில் சொல்லாமல் 'ஒரு உழவு மழை' என்று வேலையை வைத்து அளந்தவர்கள் அவர்கள். 'ஈரப்பதம்' என்ற சொல்லுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதும் இந்தப் பதம்தான். அதற்கு அளவு என்று பொருள் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம்.

என் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். போன மழைக்குப் பிறகு கூடத்துச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கருத்த பட்டை தெரிந்தது. வீட்டு வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் வந்து பார்த்தார், "ஈரம் சார்" என்றார், தண்ணீர் தாங்கும் பெயின்ட் என்று இரண்டு கோட் அடித்துப் பணம் வாங்கிக்கொண்டு போனார். நான்கு மாதத்தில் பெயின்ட் அப்பளம்போலக் குமிழ் விட்டது. பட்டை இப்போது இடுப்புவரை வந்திருந்தது.

அடுத்து வந்தவர் வயதான கொத்தனார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கரண்டியால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்ததை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார். "கரிக்குது. இது ஒழுகலும் இல்ல, கசிவும் இல்ல தம்பி. ஓதம்."

மூன்றும் வெவ்வேறு என்பதைச் சுண்ணாம்புக் கையால் சுவரில் கோடு போட்டே காட்டினார். ஒழுகல் மேலிருந்து வரும், தளத்தில் வெடிப்பு. கசிவு பக்கத்திலிருந்து வரும், சுவருக்குள் குழாய். ஓதம் கீழிருந்து ஏறும். பழந்தமிழில் ஓதம் என்றால் கடல் அலைக்கும் பெருக்கத்துக்கும் பெயர். தரைக்குக் கீழே இருந்து நீர் ஏறிவருவதற்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! செங்கலிலும் சாந்திலும் இருக்கும் நுண்துளைகள் நீரைத் தாமே மேலே இழுக்கும். குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும் என்று ஜேம்ஸ் ஜூரின் 1718இலேயே காட்டியிருக்கிறார். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள துளையில் கணக்குப்படி நீர் ஒன்றரை மீட்டர் ஏறும். நிஜச் சுவரில் அவ்வளவு ஏறாமல் நிற்பதற்குக் காரணம், வழியிலேயே சுவரின் முகத்திலிருந்து அது ஆவியாகிக்கொண்டிருப்பதுதான். ஏறும் நீர் மண்ணிலிருந்தும் செங்கலிலிருந்தும் உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் பறந்துவிடும், உப்பு தங்கிவிடும். அது படிகமாகப் பெருக்கும்போது பூச்சைத் தள்ளி உதிர்க்கும். முழங்கால்வரை பெயின்டால் அடைத்ததும் ஆவியாகும் வழி மூடிப்போனது. தண்ணீர் மூச்சுவிட இடம் தேடி இடுப்புவரை ஏறிவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் காசு கொடுத்து நானே அதை ஏற்றிவிட்டிருக்கிறேன்.

"அடித்தளத்துக்கு மேல டிபிசி போடாம விட்டிருப்பாங்க" என்றார். கீழிருந்து ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்குக்குத்தான் அந்தப் பெயர். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். சுவர் சொம்பைப்போல வியர்த்துக்கொண்டிருக்கவும் கூடும் இல்லையா? அறைக் காற்றின் நீராவியே குளிர்ந்த சுவரில் படிந்திருக்கலாம். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டச் சொன்னார். வியர்வை என்றால் தாளின் வெளிப்பக்கம் துளி கட்டும். ஓதம் என்றால் உள்பக்கம்.

இரண்டு நாள் கழித்து டேப்பின் ஒரு மூலையைப் பிரித்தேன். தாளின் வெளிப்பக்கத்தில் தூசி அப்படியே இருந்தது. உள்பக்கத்திலிருந்து ஒரு கோடு தண்ணீர் வழிந்து என் மணிக்கட்டில் இறங்கியது. அறைச் சூட்டிலேயே இருந்ததால் அது ஈரமாகவே தெரியவில்லை.